நாற்பத்தொன்று

குத்தாயிசியில் மழை விட்ட இரவு.
தெக்லா டார்ச் பிடிக்க
ஷோத்தா குனிந்து
குழியைச் சுற்றி மஞ்சள் வட்டம் போடுகிறான்.
விடிந்தால் அவனுக்கு இயற்பியல் தேர்வு.
நான் பக்கத்தில் எண் எழுதுகிறேன்:
நாற்பத்தொன்று.

நகராட்சிக்கு மூன்று மனு போட்டாயிற்று.
மூன்றுக்கும் ஒரே பதில்,
பரிசீலனையில்.

காலையில் ஆள் வந்தது.
குழிக்கு இல்லை, வட்டத்துக்கு.
பொதுச்சாலையைக் கறைப்படுத்திய குற்றம்,
அபராதம் ஐம்பது லாரி.

எங்கள் நாட்டில் லாரி என்பது பணம்.
ஜல்லி ஏற்றி வருவது வேறு,
அது இன்னும் வரவில்லை.

ரொட்டிக்கடை ஸூராப்
காலி டப்பாவில் சில்லறை போட்டார்.
அபராதத்துக்கா, என்றாள் தெக்லா.

பெயின்ட்டுக்கு, என்றார்.
என் கடை வாசலை
விட்டுவிட்டீர்களே.