வரவு, செலவு, இருப்பு

அந்த மே மாதம்
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த எல்லோரும்
காய்ச்சலோடு வந்தார்கள்.
காய்ச்சல் இல்லாதவர்கள்
காய்ச்சலுக்குப் பயந்து வரவில்லை.
கோரையாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே
பதினோரு ஊருக்கு ஒரு டாக்டர்,
இரண்டு நர்ஸ், லேபுக்கு ஒரு பையன்,
மருந்து ஜன்னலில் நான்.

என் மேசையில் ஒரு நீல நோட்டு.
இருநூற்றுப் பதினான்கு பெயர்கள்:
சர்க்கரை, பிரஷர், வலிப்பு.
மாதம் ஒருமுறை வந்து அட்டையை நீட்டி
"போன தடவ வட்ட மாத்திர, இப்ப நீளமா இருக்கே"
என்று சண்டை போடுகிறவர்கள்.
அந்த மாதம் சண்டைக்கு வந்தவர் பத்தொன்பது பேர்.
மற்றக் கட்டங்கள் வெள்ளை.
மருந்து தீராதது நல்லதுதானே என்றார்கள்
கிடங்கிலிருந்து, போனில்.

எங்களுக்கு ஒரே வாசல்.
இருமுகிறவர் நுழைவதும் அதில்தான்
எட்டு மாதக்காரி நுழைவதும் அதில்தான்.

ஜெகபர் சாதிக் பந்தல் போடுகிறவர்.
வைகாசி முகூர்த்தம் ஒன்பதும் ரத்தாகி
சேர்களில் எலி குடும்பம் நடத்துகிறது என்று சொல்லிக்கொண்டு
யாரும் கேட்காமலே டாட்டா ஏஸில் வந்து இறங்கினார்.
தகரம் வெக்கை என்று கீற்றே வேய்ந்தார்,
புளியமரத்துக்கு அந்தப் பக்கம், காய்ச்சலுக்குத் தனியாக.
கபடிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பில்
ஆறடிக்கு ஒரு வட்டம்,
வட்டத்துக்கு ஒரு சேர்.
முகப்புத் துணியை மாற்ற மறந்ததில்
'மணமக்களை வாழ்த்த வருக' என்று
இரண்டு நாள் தொங்கியது.
ஆக்சிமீட்டரில் விரலைக் கொடுத்தபடி
ஒருவர் அதைப் படித்துச் சிரித்தார்.
தொண்ணூற்று மூன்று.
சிரித்ததும் இருமினார்.

வாசல் காலியானது.
நோட்டுக்காரர்கள் அப்போதும் வரவில்லை.
பந்தலைப் பாலத்திலிருந்தே பார்த்துவிட்டுத்
திரும்பிப் போனார்கள்.

வைரக்கண்ணு பால் சொசைட்டிக்காரர்.
விடியுமுன் வீடு வீடாகப் போகிற ஒரே வண்டி அவருடையது.
கேனுக்குப் பக்கத்தில் என் பையைக் கட்டினேன்.
ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர்;
காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை.
எனக்குப் படம் வராது.
பிறையை அரிவாள் என்று நினைத்து
அறுப்புக்குப் போகும்முன் போட்டுக்கொண்டாள் ஒருத்தி.

ஆறாம் நாள் வைரக்கண்ணு ஜன்னலில் சொன்னார்:
"மேலத்தெரு அமிர்தவல்லி மாடு கத்திக்கிட்டே கெடக்கு.
நேத்துலேருந்து கறக்கல."
நர்ஸ் தவமணி ஸ்கூட்டியை எடுத்தாள்.
எண்பத்தாறு.
நூற்றியெட்டு வந்து திருவாரூருக்கு ஏற்றிப் போனது.
அந்த மாட்டை இவர் கறந்து
அவள் கணக்கிலேயே ஊற்றினார்,
அவள் திரும்பி வந்து நிற்கும்வரை,
இருபத்திரண்டு நாள்.

உத்திராபதியின் பொட்டலம் மட்டும்
பிரிக்காமலே திரும்பி வந்தது.
மருமகள் சொல்லியனுப்பியிருந்தாள்:
"நல்ல மாத்திர. வேற யாருக்காச்சும் ஆவும்."
முப்பது.
பதிவேட்டில் மூன்றே பத்திதான்.
வெகுநேரம் பார்த்துவிட்டு
வரவில் எழுதினேன்.
பேனா அழுந்தி
அடுத்த பக்கத்திலும் முப்பது இருக்கிறது,
மையில்லாமல்.

ஆனி பிறந்து
ஆற்றில் நுரையும் ஆகாயத்தாமரையுமாகத் தண்ணீர் வந்த அன்று
ஜெகபர் கீற்றை இறக்கினார்.
வாடகையை எழுதித் தாங்க, பஞ்சாயத்தில் கேட்போம் என்றேன்.
"அத வுடும்மா. பத்து நாளா பிடரி இழுக்குது,
கொஞ்சம் பாக்கச் சொல்லேன்."
நூற்றெழுபதுக்கு நூறு.
இத்தனை நாள்
எங்கள் வாசலிலேயே நின்றவர்.
நீல நோட்டில் அவர் பெயரை எழுதும்போது
எனக்குக் கோபமாக வந்தது,
யார்மேல் என்று தெரியவில்லை.

வண்டி கிளம்பும்போது கேட்டேன்:
கம்பு நட்ட குழியெல்லாம் அப்படியே கிடக்கே,
மூட ஆள் அனுப்புவீங்களா?
கட்டைவிரலால் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கியபடி
ஜெகபர் சொன்னார்:
"இருக்கட்டும்."