நெறி

கழுத்தில் நெறி கட்டியபோது
உடம்பெல்லாம் புண் தேடினோம்.
பேரணாம்பட்டில் டிபி என்றார்கள்.
ஆறு மாதம் மாத்திரை விழுங்கினான் முதஸ்ஸிர்.
மூத்திரம் ஆரஞ்சாகப் போனது,
நெறி மட்டும்
நாவற்பழத்திலிருந்து எலுமிச்சையானது.

வேலூரில் வெட்டிப் பார்த்து
ஒரு பெயர் சொன்னார்கள்.
அப்பா அதை டோக்கன் சீட்டின் பின்னால்
உருதுவில் எழுதிவைத்தார்.
திருப்பிப் படிக்க அவருக்கே வரவில்லை.
பிள்ளைகளுக்கு இது அபூர்வம், என்றார் டாக்டரம்மா,
பத்து லட்சத்தில் ஒருவருக்கு.
"க்ளாஸ்லகூட நான் ஃபர்ஸ்ட் வந்ததில்லையே"
என்றான் தம்பி.

நான் ஆம்பூரில் ஷூ மேல்தோல் தைக்கிறவள்.
ஊசி தோலுக்குள் இறங்கும் சத்தம்
ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கிறேன்.
அவன் முதுகில் இறங்கியபோது
சத்தமே இல்லை.

லாட்ஜில் பக்கத்து அறை வங்காளத்து அம்மா
பாஷை தெரியாமல்
தன் மகளின் மொட்டைத் தலையைக் காட்டினாள்.
நான் இவன் தொப்பியைக் கழற்றினேன்.
அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் சுற்று முடிந்தது. வாயெல்லாம் புண்.
பிரியாணி வேண்டாமாம்,
பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தால் போதுமாம்.

விளக்கணைத்ததும்
துப்பட்டாவுக்குள் கைவிட்டு
என் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன்.
இருட்டில் அவன் குரல்:
"உனக்கு வராதுக்கா.
நம்ம பத்து லட்சத்துக்கு
நான் வந்துட்டேன்."