வலது காது

ப்ளோவ்திவ் நகரில், இரும்புக்கடைக்கு மேல்மாடியில்
மூன்று நாற்காலி, நான்கு கண்ணாடி,
ஸ்தெலியானாவின் முடியலங்காரக் கடை.
இருபத்திரண்டு வருடமாக வலக்கையில் உலர்த்தி.
வலக்கைக்குப் பக்கத்தில் வலது காது.
அவ்வளவுதான் கணக்கு.

சாயம் நகத்தைக் கறுப்பாக்கும் என்று
கையுறை போட்டவள்தான்.
அம்மோனியா நெடிக்கு ஜன்னல் வைத்தவள்தான்.
நாள் முழுக்க நிற்கிற காலுக்கு
தடித்த செருப்பும் உண்டு.
சத்தத்துக்கு?
ஒட்டாது, நாறாது, கறைபடாது.
வெறும் காற்றுதானே என்றாள்.

உலர்த்தி ஓடும்போதுதான்
எல்லாரும் ரகசியம் பேசுவார்கள்.
எவருக்கும் கேட்காது என்கிற தைரியம்.
பிளமேனா கணவனின் கடனை,
தபால்காரி இஸ்க்ரா
தான் பிரித்துப் படித்த கடிதத்தை
கண்ணாடியிடம் சொல்லி இறக்கிவைப்பார்கள்.
ஸ்தெலியானா உதட்டைப் படித்துக்கொள்வாள்.
எந்த வருடம் படிக்கத் தொடங்கினாள் என்று
அவளுக்கே தெரியாது.

அந்த ஊரில்
தலையை இடவலமாக ஆட்டினால் ஆம்.
மேலும் கீழும் ஆட்டினால் இல்லை.

டென்மார்க்கிலிருந்து படிக்க வந்த பெண்ணிடம்
சூடு அதிகமா என்று கத்தினாள்.
அவள் மேலும் கீழும் ஆட்டினாள்,
பலமாக ஆட்டினாள்,
உடைந்த பல்கேரிய மொழியில் அலறவும் செய்தாள்,
வலது பக்கமாக.
காதுமடல் கன்றிச் சிவந்த பிறகுதான்
உலர்த்தி நின்றது.
தலையாட்டல் ஊர்ப் பழக்கம், போகட்டும்.
அந்த அலறல் எங்கே போனது?

மருத்துவர் பென்செவின் அறைக்குக் கனத்த கதவு.
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்.
கேட்டது, அழுத்தினாள். கேட்டது, அழுத்தினாள்.
அப்புறம் நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை.
பாவம் மனிதர் காத்திருக்கிறாரே என்று
மரியாதைக்கு இரண்டு முறை அழுத்திவைத்தாள்.

தாளில் ஒரு கோடு
சமதரையில் நடந்து வந்து
நாலாயிரத்தில் தொபுக்கென்று பள்ளத்தில் விழுந்திருந்தது.
அவர் சொன்னதை நம் மொழியில் சொன்னால் இப்படி:
உயிர் எல்லாம் கேட்கிறது,
மெய்தான் உதிர்ந்துகொண்டிருக்கிறது.
போனில் மகள் "நான்தான், ஸ்விலேனா" என்பாள்.
வந்து சேர்வது விலேனா.
முதல் எழுத்து கம்பியிலேயே நின்றுவிடும்.

போனது திரும்பி வருமா?
மருத்துவர் மேலும் கீழும் தலையை ஆட்டினார்.

மிச்சத்தை வைத்துக்கொள்ள
ஆரஞ்சு நிற நுரைக்கட்டை, இரண்டு.
விரல்களுக்கிடையே ஒல்லியாக உருட்டு,
மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகு,
உள்ளே உப்பும்வரை காத்திரு.
சுருள்முடிக் காகிதம் உருட்டிய விரலுக்கு
இது ஒரு வேலையா?

என்ன, என் பேச்சு பிடிக்கவில்லையா
என்றாள் இஸ்க்ரா, கட்டையைப் பார்த்து.
பிறகு துணிச்சல் கூடிப்போய்
இன்னொரு கடிதத்தைப் பிரித்தாள்.
வேடிக்கை என்னவென்றால்
ஊளை தணிந்ததும்
குரல் தண்ணீருக்கு மேலே தலைநீட்டியது.
அன்று உதட்டைப் பார்க்காமலே
ஸ்தெலியானாவுக்குப் பாதிக்குமேல் புரிந்துவிட்டது.
கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றிய கடிதம்.

சாயங்காலம் உலர்த்தியை மாட்டிவிட்டு
கட்டைகளைக் கழற்றித்
சீப்புக் கிண்ணத்தின் ஓரம் வைக்கிறாள்.
கீழே கடைக்காரர் தராசுத் தட்டில்
ஆணிகளை ஒவ்வொன்றாகப் போடுகிறார்.
படியில் உட்கார்ந்து எண்ணுகிறாள்.
பதினொன்று கேட்டது.
இறங்கிப் போய் எத்தனை என்று கேட்டாள்.
இருபது, என்றார்.