நடுவில் ஒரு வரி

வாட்சோ, நார்வேயின் வடகோடி.
ஜனவரி. நண்பகலிலும் விளக்கு.

"படகுக் கொட்டகை வாசல் பனியில்
ஒரு காலடிகூட இல்லை.
ஆகவே எய்விண்ட் அன்றிரவு அங்கே போகவில்லை"
என்று வக்கீல் கோப்பை மூடினார்,
கல்லாப்பெட்டியை மூடுகிற மாதிரி.

நடுவர் வரிசையில் தலையாட்டினோம்.
ரொட்டிக்கடை தூர்பியர்க் மட்டும்
நகக்கண்ணில் காய்ந்த மாவைச் சுரண்டியபடி கேட்டாள்:
"பனி எப்போது நின்றது?"

இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே
யாரும் உச்சரிக்காத ஒன்று
அவ்வளவு நேரமும்
எங்களோடு உட்கார்ந்திருந்தது,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.

வானிலை நிலையத்தில் விசாரித்தார்கள்.
விடிகாலை நாலரை வரை கொட்டியதாம்.

வீடு திரும்பினேன்.
சமையலறையில் விளக்கு எரிந்தது.
ஆகவே ஹால்வர் எனக்காக விழித்திருக்கிறான்.

பூட்ஸின் பனியைத் தட்டிக்கொண்டு
வாசலிலேயே நின்றேன்
கொஞ்ச நேரம்.