எட்டாவது விடியல்

ஒன்பது விடியற்பூசையும் தவறாமல் கண்டால்
கேட்டது கிடைக்கும் என்பார்கள்
எங்கள் லெய்த்தேத் தீவில்.
கேட்டேன், ஆண்டவரே.
என்ன கேட்டேன் என்று உமக்குத் தெரியும்.
ஊருக்கே தெரியும்.
படகின் எஞ்சினை விற்றுவிட்டு வந்தவளுக்கு
வேறென்ன கேட்க இருக்கிறது?

பதினாறாம் தேதி தொடங்கி
மூன்று மணிக்கே எழுந்தேன்.
புயல் தின்று மிச்சம் வைத்த தென்னைகளின் நடுவே
டார்ச் வெளிச்சத்தில் ஒரு மைல்.
கோவில் வாசலில் அப்பம் சுடுவார்கள்,
மேலே தணல், கீழே தணல்,
நடுவில் மாவு.
வாங்கக் காசில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன்.
என்னைத்தான் சுடுகிறார்கள் என்று தோன்றும்.

க்ரிஸ்புலோவுக்கு
ஒரு நாளைக்கு இரண்டு குவளைத் தண்ணீர்.
முப்பது வருடம் கடல்மேல் கிடந்தவனுக்கு
இரண்டு குவளை.
இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது.
அளந்து ஊற்றுகிற கை என்னுடையது,
திட்டு வாங்குகிற வாயில்லாக் குவளையும் நான்தான்.
கடல்மேல் நடந்தவரே,
இதில் ஒரு சொட்டாவது
நீர் அளந்து பார்த்ததுண்டா?

ஏழு பூசை முடிந்தது.
எட்டாம் நாளுக்கு முந்தின மாலை
தக்லோபான் டயாலிசிஸ் நிலையத்திலிருந்து போன்.
விடுமுறை வருகிறதாம், முறையை மாற்றிவிட்டார்களாம்,
நாளை விடிகாலை நாலரைக்கு வாருங்கள் என்றார்கள்.
நாலரைக்குத்தானே உமக்கும் பூசை.
நான் அழவில்லை.
பானையைக் கொஞ்சம் பலமாகக் கீழே வைத்தேன்,
அவ்வளவுதான்.

ஜீப்னி எங்கள் கோவிலைத் தாண்டும்போது
முதல் மணி அடித்தது.
சிலுவைக் குறி போடக்கூட மறுத்தது கை.

நாலு படுக்கை, இரண்டு நர்ஸ்.
குழாய்களில் அவன் இரத்தம்
வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.
ஐந்து பத்துக்கு மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டர் இருமியது, இருமிவிட்டு அடங்கியது.
இருட்டில் மரிவிக் என்ற அந்தச் சின்ன நர்ஸ் கத்தினாள்:
"நின்றால் உறைந்துவிடும்! இந்தப் பிடியைச் சுற்றுங்கள் அக்கா,
அம்புக்குறி போகிற பக்கம், நிதானமாக, நிறுத்தாமல்!"

சுற்றினேன்.
கொடிமுந்திரி அளவு பிளாஸ்டிக் பிடி.
அடுத்த படுக்கைக் கிழவருக்கு யாருமில்லை,
அவருக்கு எங்கள் ஜீப்னிக்காரன் அன்செல்மோ சுற்றினான்,
பிரேக் பிடிக்கிற அதே முகத்தோடு.
யாரோ செல்போனை வாயில் கவ்வி வெளிச்சம் காட்டினார்கள்.
ஜெபம் எதுவும் வரவில்லை எனக்கு.
ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் எண்ணினேன்.
என் கைக்குள்ளே அவன் இரத்தம் நடந்து
வீடு திரும்பிக்கொண்டிருந்தது.
தோள் மரத்துப்போனது.
அப்போதும் கை சுற்றிக்கொண்டே இருந்தது.
அது யார் பலம் என்று
நான் கேட்கவில்லை, ஆண்டவரே.
கேட்க மூச்சில்லை.

பதினோரு நிமிடம்.

வெளிச்சம் வந்தபோது
க்ரிஸ்புலோ கண் திறந்து கேட்டான்:
"துடுப்பு போடுகிறாயா, ரொசெண்டா?"

ஒன்பதாம் பூசைக்குப் போனேன்.
"ஒன்று தவறினாலும் கணக்குச் செல்லாது"
என்றாள் பக்கத்து வீட்டு பெலிசிதாஸ்.
இருக்கட்டும், அவள் கணக்கு அவளுக்கு.
எட்டாவது பூசைக்கு நான் வரவில்லை,
நீர்தான் வந்திருந்தீர்,
செருப்பைக் கழற்றாமல்,
மருந்து வாடைக்குள்.

அவன் குணமாகவில்லை.
திங்கட்கிழமை மறுபடி போகவேண்டும்,
பணம் எங்கே என்று இன்னும் தெரியாது.
ஆனாலும் இன்றிரவு மூங்கில் நட்சத்திரத்துக்குள்
ஒரு மெழுகுவர்த்தி வைத்திருக்கிறோம்,
கரண்ட்டை நம்பாமல்.
"பாலன் பிறந்த ராத்திரியாயிற்றே,
அரைக் குவளை கூட ஊற்று" என்கிறான்.
மூன்று கரண்டி ஊற்றினேன்.
அவன் முறைக்கிறான். நான் சிரிக்கிறேன்.

உள்ளங்கையில் அந்தப் பிடி போட்ட கொப்புளம்
இன்னும் ஆறவில்லை.
அவசரமில்லை,
மெதுவாக ஆறட்டும்.