மேற்படி

உலகத்தில் முப்பத்தொரு பேருக்குத்தான்
இந்தக் குடும்பப் பெயர்.
எண்ணியவள் நான்,
கொழுந்து எடைபோடாத ஞாயிறுகளில்.

அரவேனுப் பக்கம் பதினான்கு.
சேரம்பாடியில் ஒன்பது,
அங்கே நடுவெழுத்து தேய்ந்து
‘மேப்படி’ என்கிறார்கள்.
பந்தலூரில் நாலு.
திருப்பூர் பனியன் கம்பெனியில் இரண்டு.
கத்தாரில் ஒன்று கிரேன் ஓட்டுகிறது.
குன்னூர் மயானத்தில் ஒன்று
(கல்லில் பெயர் இருப்பதால் சேர்த்துக்கொண்டேன்).

மாவட்டப் படத்தில் சிவப்பு மையால் குத்திப் பார்த்தால்
தேயிலையில் செஞ்சிலந்தி இறங்கிய மாதிரி
அங்கங்கே.
கண்டியில் ஒருவர்கூட இல்லை.
அங்கிருந்துதான் எல்லோரும் வந்தோம்.

நான் யோகராணி மேற்படி.
குன்னூர் ஏலத்துக்கு மாதிரிப் பொட்டலம் கொண்டுபோன நாளில்
கழுத்தட்டையைப் பார்த்துவிட்டு ஒருவன்
“நீங்களும் மேற்படியா?” என்றான்.
தவசீலன் மேற்படி, சேரம்பாடி.
அந்த வாரம் தூசித்தூளுக்கு நல்ல விலை.

அவன் பெரியப்பா ஒரே பேச்சில் முடித்தார்:
“ஒரே பேரு, ஒரே வம்சம்.
பங்காளி வீட்டுல பொண்ணு எடுக்கிறதா?”
குலசாமியைக் கேட்டுப் பாருங்கள் என்றாள் அம்மா.
கேட்டோம்.
அவர்களுக்கும் ரோதைமுனி, எங்களுக்கும் ரோதைமுனி.
இயந்திரச் சக்கரத்தில் விரல் போன எல்லோருக்கும்
அக்கரையில் அவர்தானே சாமி.

தகவல் கேட்டு மனுப் போட்டேன்.
ஏழு மாதம் கழித்து
ஈரத்தில் பொருமிய உறையில் வந்தது
மண்டபம் முகாமின் பதிவேட்டில் ஒரு பக்கம்.

இருபத்தேழாம் வரியில் தவசீலனின் தாத்தா.
குடும்பப் பெயர்: மேற்படி.
பத்தொன்பதில் என் தாத்தா: மேற்படி.
இருவருக்கும் நடுவே ஒரு நாவிதர்,
இரண்டு கவ்வாத்துக்காரர்,
யாருக்கு யாரும் உறவில்லை.
எல்லோர்க்கும் அதே மேற்படி.
எழுத்தருக்குக் கை வலித்திருக்கும்,
வரிசை கப்பல்துறை வரை நின்றிருக்கும்.

விரலை மேலே நகர்த்தினேன்.
பன்னிரண்டு.
ஏழு.
மூன்று.
முதல் வரி: காளியம்மை, வயது நாற்பத்தொன்று.
உடன் வருவோர்: கோடு.
குடும்பப் பெயர்: இல்லை.

ஆக, நாங்கள் முப்பத்தொரு பேரும்
‘இல்லை’யின் வாரிசுகள்.
தவசீலன் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த அம்மாளிடம் அவர் என்ன கேட்டிருப்பார்?
சத்தத்தில் ‘குடும்பம்’ வரைதான்
காதில் விழுந்திருக்கும்.
புருஷனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை,
இவளுக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு.
கேட்டதற்குச் சரியாகத்தான்
பதில் சொல்லியிருக்கிறாள்.

முப்பத்தொன்றில் அவள் சேர்த்தியில்லை.
எங்கே குடியேற்றினார்கள் என்றும் தெரியவில்லை.
அரவேனுவில் கேட்டேன், நடுவட்டத்தில் கேட்டேன்.
அந்தப் பெயரில் சிங்காராவில் ஒருத்தி இருந்தாள் என்றார்கள்,
வயது ஒத்துவரவில்லை.

பெரியப்பா தாளை வெளிச்சத்துக்குத் தூக்கி
ஒவ்வொரு வரியாகப் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“இல்லாததுல ஏது அண்ணன் தங்கச்சி,” என்றார்.
பிறகு குரலை ஏற்றி,
“ஐப்பசி மட்டும் வேணாம்.
குஞ்சப்பனைல மண்ணு சரிஞ்சா
சமையல்காரன் வந்து சேர மாட்டான்.”

தை பிறந்து, கோத்தகிரி பதிவு அலுவலகம்.
மேசைக்குப் பின்னால் சின்னப் பெண்,
புது வேலை போல, நகத்தில் மை.
மணமகன் கட்டத்தை நிரப்பிவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்தாள்:
“உங்க குடும்பப் பேரும் அதேதானாக்கா?
மேற்படின்னு போட்டுடவா?”

தவசீலன் வாயைத் திறந்தான்.
அவன் காலை மிதித்தேன்.

“போடும்மா,” என்றேன்,
“ஆனா முழுசா எழுது.”