முன்னூற்றி நாலு

அட்டையில் என் படம். கீழே:
வருகை மாணவி, நவம்பர் முப்பது வரை செல்லும்.
பால் பைக்கற்றில் திகதி அடிப்பதைப் போல.

டர்பன். குன்றின் மேல் கம்பஸ்,
கீழே துறைமுகம், அடுக்கிய கொள்கலன்கள்.
யன்னலைப் பூட்டாவிட்டால் குரங்கு வந்து
பாணைத் தூக்கிக்கொண்டு போகும்.
விடுதி விதிகளில் பதினோராம் பக்கத்தில் இருந்ததாம்.
நான் ஒன்பதோடு நிறுத்தியிருந்தேன்.

ஆங்கிலம் எனக்குத் தெரியும், எழுத்தில்.
இங்கே அது மூக்கிலிருந்து வருகிறது,
தொண்டையிலிருந்து வருகிறது,
நொக்குபோங்காவின் நாக்கில் சொடுக்குப் போட்டபடி வருகிறது.
ஒரு வசனத்தை நான் கட்டி முடிக்கும்போது
வகுப்பு கரையரிப்பைத் தாண்டி
வண்டல் படிவுக்குப் போயிருக்கும்.

விரிவுரையாளர் இடாப்பு வாசிப்பார்:
மிஸ் சிவக்கொழுந்து.
அது அப்பா.
ஐந்து கிழமையாக அப்பாதான் வகுப்புக்கு வருகிறார்.
உரும்பிராயில் தண்ணீர் மோட்டார் திருத்துகிற மனிதரிடம்
மண்ணரிப்பு பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள்.
அவர் பேசாமல் இருக்கிறார்.

கெர்ஷ்னி படையாச்சி இரண்டாம் நாளே கேட்டாள்,
'நீ உண்மைத் தமிழா?'
அவளுடையது கரும்போடு வந்து
கரும்போடு போய்விட்டதாம்.
ஒரு வசனம் வராது.
ஆனால் காவடிக்கு எத்தனை நாள் விரதமென்று
என்னைத் திருத்தினாள்.

புதன் பின்னேரம் மின்வெட்டு.
சிற்றுண்டிச்சாலைப் படிக்கட்டில்
நாலு பேர் தாள் விளையாடினார்கள், கைக்கு ஆறு.
நான் ஓரத்தில், போத்தலோடு.
கெர்ஷ்னி திடீரென நிமிர்ந்து,
'தண்ணி!' என்றாள்.

நீட்டினேன்.

தஷென் படியிலிருந்து சரிந்தே விட்டான்.
அது ஆட்டத்தின் பெயராம்.
ஆறு பிடியையும் தனியே பிடிப்பேன் என்ற சவாலாம்.
தண்ணி என்றால் தண்ணிதான் என்று
அவள் அப்பா சொன்னதுண்டு, அவள் நம்பியதில்லை.
போத்தலை வாங்கிக் குடித்தாள்.
குடித்துவிட்டு ஆறையும் பிடித்தாள்.

தாள்கள் விழ விழ நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.
முப்பது, இருபது, பதினொன்று, பத்து.
வீரன் பெரியவன், அடுத்தது மணல்,
ராசாவும் ராணியும் சில்லறை.
எல்லாம் கூட்டினால் முன்னூற்றி நாலு.
யாரும் சொல்லித் தரவில்லை.
கொரோனா ஊரடங்கில் அண்ணன்மாரிடம்
தோற்றுத் தோற்றுப் பாடமான வாய்ப்பாடு.

தஷென் தன் இடத்தைத் தந்தான்.
'துரும்பு எது?' என்றார்கள்.
கறுப்பு, கூர், காம்பு. அதற்கு ஆங்கிலம்?
மண்வெட்டி மாதிரி என்னவோ.
வாய் தன்பாட்டில் 'ஸ்கோப்பன்' என்றது.

லீசல் தாள்களை மடியில் கவிழ்த்தாள்.
வீட்டில் ஆபிரிக்கான்ஸ் பேசுகிறவள்,
என்னோடு ஹலோவுக்கு மேல் போகாதவள்.
'திரும்பச் சொல்.'
ஸ்கோப்பன். கலாவரை.
ஸ்கோப்பன்ஸ், என்றாள் அவள். கிளாவர்ஸ்.
ரூவித்தனும் ஆர்த்தனும் இரண்டு வாயிலும்
ஒன்றாய் வந்தன.

ஒல்லாந்தர் கட்டிய கோட்டை எங்களிடமும் உண்டு.
எனக்கு அது சரித்திரப் பாடம், பத்துப் புள்ளி.
அவளுக்கு அது அம்மா திட்டும் மொழி.
அதற்கு மேல் அங்கே யாரும் போகவில்லை.
போயிருந்தால் நீண்டிருக்கும்.
நொக்குபோங்கா மட்டும் எல்லாரையும் ஒருமுறை பார்த்து,
'கப்பலில் வந்தவர்களே,
தாளைப் போடுங்கள்' என்றாள்.

போட்டேன்.
மணலை அவசரப்பட்டு இறக்கித் தோற்றேன்.
மின்சாரம் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

வியாழன். மிஸ் சிவக்கொழுந்து.
'அது என் அப்பா, சேர். நான் நிரோஜினி.'
ஆங்கிலத்தில்தான், வினையில் ஒரு பிழையோடு.
அவர் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

அப்பா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார்.
எங்கேயோ ஒரு மோட்டார் அவருக்குக் காத்திருந்தது.